கொரோனாவில் போன அப்பாவை நினைத்து நான்கு வருஷம் கழித்தும் நெஞ்சு படபடப்பது மனநோயா?

நீங்கள் எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 2021 மே மாதம் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினீர்கள். அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டதால் கூடப் போக முடியவில்லை. ஆறாம் நாள் விடிகாலையில் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. மின்மயானத்தில் ஐந்தாறு அடி தள்ளி நிற்க வைத்து, பையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி முகத்தைக் காட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் நடக்கவில்லை. இன்று வரை தெருவில் சைரன் கேட்டால் கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ராத்திரி இரண்டரை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்பாவின் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறீர்கள். "எல்லாரும் மறந்துட்டாங்க, நான் மட்டும் இப்படியே இருக்கேன். இது மனநோயா? மாத்திரை சாப்பிடணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் நடுவில், மருத்துவமனைச் செலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிற போக்கில், ஒரு வரி இருக்கிறது. "கடைசி ராத்திரி 2.40-க்கு அப்பா கூப்பிட்டிருக்கார், நான் தூங்கிட்டேன்." அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வேலையில் பதினெட்டு வருஷம் இருந்ததில் ஒன்று கண்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் தூக்கத்தைப் பற்றியும் அசிடிட்டியைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "அப்புறம் மேடம், ஒண்ணு..." என்று ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். அவர்கள் பஸ் ஏறி வந்ததே அதற்காகத்தான். உங்கள் கேள்வியில் அந்தச் செருப்பு மாட்டுகிற இடம் இந்த 2.40. மனநோயா என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது "அப்பாவை நான் தனியாக விட்டுவிட்டேனா" என்பதை என்று நினைக்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல சமூகப் பணியாளர், டாக்டர் இல்லை. மருந்து எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது. இருபது வரிக் கடிதத்தைப் படித்து உங்களுக்கு இன்ன நோய் என்று பெயர் வைப்பது யாருக்குமே முறையில்லை. 2020-லும் 2021-லும் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் போன் செய்து பேசும் பணியில் இருந்தேன், அதனால் உங்கள் நிலைமையில் இருந்த பலரின் குரல் எனக்குப் பழக்கம். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

மனசைப் பார்க்கும் முன் உடம்பைப் பாருங்கள். படபடப்பும் கை நடுக்கமும் தைராய்டு அதிகமானாலும் வரும், ரத்தம் குறைந்தாலும் வரும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் வரும். ஒரு இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, இவ்வளவையும் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். உங்களுக்கும் அப்போது கொரோனா வந்து போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் அசதி, தூக்கக் கோளாறு, படபடப்பு எனத் தொடர்ந்தவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு உடம்பைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு காபி குடித்துவிட்டு நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவரும் உண்டு.

இரண்டாவது, சைரனுக்கு நடுங்குவதையும் 2.40-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒன்று பயம், இன்னொன்று துக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. 2021 மே மாதத்தை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் தொற்று பதிவானது அந்த மாதம் 21-ஆம் தேதி. ராத்திரி பகல் இல்லாமல் சைரன். ஒவ்வொரு சைரனுக்கும் யார் வீட்டுக்கோ என்று நெஞ்சு திக்கென்றது. அதில் ஒன்று உங்கள் வாசலில் வந்து நின்றது. அந்தச் சத்தம் என்றால் ஆபத்து என்று உடம்பு பாடம் படித்துவிட்டது. சூடு கண்ட பூனை கதைதான். உடம்பு படித்ததை அறிவு சொல்லி அழிக்க முடியாது. "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாலும் 108 வண்டி போனால் கை நடுங்கத்தான் செய்யும். இது புத்திக் கோளாறு இல்லை.

சைரன் கேட்டதும் செய்ய எளிதான ஒன்று இருக்கிறது. மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, கொதிக்கிற ரசத்தை ஊதி ஆற்றுகிற மாதிரி ஆறு எண்ணும் வரை வாயால் மெல்ல விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்கில் மூன்று நான்கு நிமிஷம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும், அதை நீட்டுவதுதான் சூட்சுமம். படபடப்பை அந்த நேரத்துக்கு இறக்க இது உதவும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதுவே பயத்தைக் குணமாக்கும் என்று யாராவது காணொளியில் சொன்னால் நம்பாதீர்கள். பயம் கழல வேண்டுமானால் அந்தச் சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகத்தான் வேண்டும். பகல் வெளிச்சத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, போனில் சைரன் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, நடுக்கம் ஏறி இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பது. மறுநாளும் அதே. சில நாளில் நடுக்கத்தின் உச்சம் குறையும். அப்படிக் கேட்கும்போது அன்றைய காட்சி கண்முன்னே நிஜமாக நடப்பதுபோல வந்துவிடுகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். பயிற்சி பெற்ற உளவியலாளரோடு உட்கார்ந்து செய்ய வேண்டியது அது. அதிர்ச்சியை மையமாக வைத்த உளவியல் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்பது இந்தத் துறையில் நன்றாகச் சோதித்துப் பார்த்த முடிவுகளில் ஒன்று.

முழிப்பு விஷயம் கொஞ்சம் குழப்பமானது. 2.40-க்கு வந்த அழைப்பு, இரண்டரை மூன்றுக்கு வரும் முழிப்பு. முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது, நீங்களும் போட்டிருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் விடியும் முன்பே முழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் போவது மனச்சோர்வு நோயின் சாதாரண அறிகுறி, எந்த அழைப்பும் வராதவர்களுக்கும் வரும். எது எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்க்கப் பார்க்கத்தான் அந்த மணி மனசில் ஊறும். இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து கூடத்தில் மங்கிய விளக்கில் உட்காருங்கள், கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இனி நோயா என்ற கேள்வி. துக்கத்துக்குக் கெடு கிடையாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தோம். இப்போது மருத்துவப் புத்தகங்களில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அதே வருஷம் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. காலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. நினைப்பும் ஏக்கமும் அநேகமாகத் தினமும் ஆளை ஆட்டிப்படைக்கின்றனவா, இறந்ததை நம்ப முடியாமல் இருக்கிறதா, வேலை, குடும்பம், உறவு எல்லாம் அதனால் முடங்கிக் கிடக்கிறதா, அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், தங்கை கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியிருக்கிறீர்கள். கடிதத்தில் தெரிகிற வரையில் முடங்கிய ஆளாகத் தெரியவில்லை. ஆனால் கடமையை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு உள்ளே வெறுமையாக இருப்பவர்களும் உண்டு, அது கடிதத்தில் தெரியாது. அதனால்தான் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள் என்கிறேன்.

"எல்லாரும் மறந்துட்டாங்க" என்றீர்களே, அதில் பாதி உண்மை. தொற்றின் முதல் வருஷத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அந்த நேரத்தில் கூகுள் ஃபார்ம் அனுப்பி "நீங்கள் கவலையாக இருக்கிறீர்களா" என்று கேட்ட ஆய்வுகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஃபார்மை நிரப்பி அனுப்பியவர்களே கவலையில் இருந்தவர்கள்தான். பிரிட்டனில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கேட்டு வந்த பெரிய ஆய்வில், முதல் ஊரடங்கின் தொடக்கத்தில் பதற்றம் உச்சத்தில் இருந்து, சில வாரங்களில் இறங்கத் தொடங்கியது தெரிந்தது. பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஆளை இழக்காதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அது லாக்டவுன் கதை, டல்கோனா காபி கதை. உங்களுக்கு அது அப்பா இறந்த வருஷம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நான் மட்டும் ஏன் தேறவில்லை என்று கேட்பது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

ஊர் மறப்பதும் புதிதில்லை. 1918 காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். எந்த வீட்டிலாவது அந்தக் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? அம்மைக்கு அப்படி இல்லை. அம்மை வார்த்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அது யாரும் உள்ளே வராதே என்ற அறிவிப்பு. தாளிக்க மாட்டார்கள், வெளியாள் வர மாட்டார்கள். ஆனால் அதில் அவமானம் கிடையாது, உள்ளே ஆத்தா வந்திருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. தனிமைக்கு ஒரு மரியாதையும் ஒரு முடிவும் இருந்தது. கொரோனாவில் நமக்குக் கிடைத்தது கதவில் ஒட்டிய ஸ்டிக்கரும், சென்னையில் சில வீட்டு வாசலில் அடித்த தகரமும். 2021 மே மாதம் கோவை இருகூரில் கொரோனா தேவி என்று சிலை வைத்தபோது நாடெங்கும் சிரித்தார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய ஊர் அது. நான் கடவுள் பக்தி அதிகம் இல்லாதவள், ஆனாலும் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள்.

காரியம் செய்யாததால்தான் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதா? ஆம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. ஈமச் சடங்கு பெரிதாக நடந்தால் துக்கம் சீக்கிரம் ஆறும் என்று உறுதியாகக் காட்டும் ஆதாரம் இல்லை. செய்த விதம் அந்த வீட்டுக்குப் பொருள் உள்ளதாக இருந்ததா, துணைக்கு ஆள் இருந்ததா என்பதுதான் முக்கியமாகத் தெரிகிறது. என் அனுபவமும் அதுதான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எப்படிப்பா ஆச்சு?" நாற்பது பேரிடம் நாற்பது தடவை சொல்வோம். அன்றைக்கு அது தொல்லையாகத் தெரியும். ஆனால் நாற்பதாவது தடவை சொல்லும்போது கதைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்திருக்கும். நீங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை. 2.40 என்ற எண் நடுவிலேயே நிற்கிறது. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசு ஆறுகிறது என்று நம் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். மூடி வைத்தால் பாலே ஆறாது.

2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில், பையைத் திறந்து முகம் பார்க்கலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், சாம்பலால் ஆபத்து இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. நடைமுறையில் பல இடங்களில் அந்த அளவுகூட நடக்கவில்லை, பயந்துபோய்ச் சாம்பல் வாங்காமலே திரும்பிய குடும்பங்களும் உண்டு. அரசே தடுத்த இடமும் இருக்கிறது. இலங்கையில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, அடக்கம் செய்தால் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லாமலே, 2021 பிப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். பிறகுதான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. காலம் கடந்த மன்னிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். தங்களுக்கு நடந்தது அநியாயம் என்று யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் அதைக் கேட்க மாட்டேன்.

விட்டுப்போனதைப் பிறகு செய்ய நம் வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது பழைய முறை. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் இருக்கின்றன. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முஸ்லிம்களில் ஷாஃபி வழியினர் உடல் அருகில் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 2023-இல், கணவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகு, வாசலில் பந்தல் போட்டுப் பதினாறாம் நாள் காரியத்தைச் செய்தார்கள். ஊரில் சிலர் இதென்ன கூத்து என்றார்கள். அந்த அம்மாளின் அண்ணன் கோடிப் புடவை கொண்டு வந்தார். அது 2021-இல் ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் வாங்கியது. கொடுக்க நேரம் தப்பிப் போய்விட்டது என்று பீரோவிலேயே வைத்திருந்திருக்கிறார். மடிப்புக்குள் பில் இருந்தது, எழுத்து மங்கிப் போய். வாசலில் ஒரு வயதான அத்தை வந்து நின்றாள், அன்றுதான் சேதி கேட்டவள் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு "என் ராசா, எங்கிட்ட சொல்லாமப் போனியே" என்று ராகம் எடுத்தாள். இரண்டு வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகள் அந்த அத்தையின் தோளில் விழுந்து அழுதாள். அன்று பந்தியில் மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டதாக அவளே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இதை எல்லாருக்கும் நடக்கிற அற்புதம் என்று விற்க மாட்டேன். இதே போலக் காரியம் செய்த இன்னொருவர், "ஒண்ணுமே ஆகல மேடம், செலவுதான்" என்றார். அடுத்த இரண்டு வாரம் அவருக்குத் தூக்கம் இன்னும் மோசமானது. உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், குடும்பம் ஒப்புக்கொண்டால் செய்யுங்கள். சடங்கில் நம்பிக்கை இல்லையென்றால் அப்பாவின் சிநேகிதர்கள் நான்கு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு அவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். முக்கியம் என்னவென்றால், தனியாகச் செய்யாதீர்கள்.

இனி 2.40. அந்த அழைப்பை எடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது முழு உண்மை இல்லை. அப்பாவின் நுரையீரலைப் பொறுத்தவரை எதுவும் மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வார்டில் ஆக்சிஜனில் இருந்தவருக்கு வீட்டிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பேச்சு நடந்திருக்கும். அது நடக்கவில்லை, நீங்கள் இழந்தது அதைத்தான். அந்த இழப்பு நிஜம், அதற்கு வருந்த உங்களுக்கு உரிமை உண்டு. வருத்தம் வேறு, குற்றம் வேறு. குற்றம் என்றால் செய்யக் கூடாததைத் தெரிந்தே செய்திருக்க வேண்டும். ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்கு மணிக்கு ஒருமுறை விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி எண் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ராத்திரி இரண்டரைக்கு அசந்து தூங்கியதற்கு ஆற்றாமை என்று பெயர் வையுங்கள், ஆதங்கம் என்று பெயர் வையுங்கள். குற்றம் என்று வைத்தால் அதற்குத் தண்டனை தேட ஆரம்பிப்பீர்கள். நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

முன்பே மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும், நான்தான் வெளியே போய்த் தொற்றைக் கொண்டு வந்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை உங்கள் வீட்டில் யாராலும் நிரூபிக்க முடியாது. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்தக் கிருமி பரவிவிடும், அந்த அலையில் இருந்த டெல்டா வகை வீட்டுக்குள் வந்தால் அநேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. தாமதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்கிய பிறகும் மூச்சுத் திணறல் இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து டாக்டர்களே அந்தச் சமயத்தில் திகைத்தார்கள். "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தார்" என்று நீங்கள் நினைத்தது முட்டாள்தனம் இல்லை. இன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய உங்களை நீங்கள் விசாரிக்கிறீர்கள். அன்றைய ஆளுக்கு அந்த விவரம் கையில் இல்லை.

போனைப் பற்றிச் சிலர் தூக்கிப் போடு என்பார்கள். வேண்டாம். இறந்தவர் பொருளை வைத்திருப்பது நோய் இல்லை. ஆனால் அதை யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் தனியாக எடுத்துப் பார்ப்பது புண்ணைச் சொறிவது மாதிரி. ஒரு பகலில், தங்கையை உட்கார வைத்துக்கொண்டு, அந்த அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டுங்கள். துக்கத்துக்கென்று உள்ள உளவியல் சிகிச்சையில், இறந்தவர் எதிரே இருப்பதாக நினைத்து அவரிடம் பேச வைக்கும் ஒரு பகுதி உண்டு. "அப்பா, அப்ப எடுக்கல, இப்ப சொல்லுங்க" என்று தொடங்கி, நீங்கள் சொல்ல வேண்டியதையும் சொல்லி, அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்வது. படிக்கும்போது நாடகத்தனமாக இருக்கும். செய்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இதை மட்டும் தேர்ந்தவர் துணையோடு செய்யுங்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. துக்கத்துக்கென்று மாத்திரை இல்லை. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துக்கச் சிகிச்சையோடு மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்தபோது துக்கம் கூடுதலாகக் குறையவில்லை, கூடவே இருந்த மனச்சோர்வு குறைந்தது. அதனால் மனநல மருத்துவர் உங்களுக்கு மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கிறது என்று பார்த்து மருந்து எழுதினால் தயங்காமல் சாப்பிடுங்கள், மனச்சோர்வு மாத்திரைகள் அடிமைப்படுத்தும் மருந்துகள் இல்லை. ஆனால் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் "தூக்கம் வர ஒண்ணு குடுங்க" என்று வாங்கும் அல்பிரசோலம் வகையறா வேறு. வாரக்கணக்கில் போட்டால் அது இல்லாமல் தூங்க முடியாமல் போகும், இந்தப் பயத்துக்கு அது சரியான மருந்தும் இல்லை. ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருகிறது என்ற யோசனையும் அதே ரகம், அதிகாலை முழிப்பை அது கூட்டும்.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல ஓ.பி. இருக்கும், செலவில்லை. போனில் பேச வேண்டுமென்றால் 14416, அது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104-உம் இருக்கிறது. "அப்பா போன இடத்துக்கே போயிடலாம்" என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா என்று நேரடியாகவே கேட்கிறேன். ஏக்கத்தில் ஒரு கணம் வந்து போவது வேறு. எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்கு வந்தால் அதே நிமிஷம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். என் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி அந்த நாட்களின் காய்ச்சலுக்கும் ஆக்சிமீட்டருக்கும் மேல் எதுவும் இல்லை. நான்கு வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்கள். 2.40-ஐப் பற்றி அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அவர் மனசு கஷ்டப்படும் என்று. அந்தப் போன் பணியில் தொடக்கத்தில் நான் "தைரியமா இருங்கம்மா" என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு நாள் ஒரு அம்மாள், "தைரியம் இல்லாம இருக்க எனக்கு நேரம் எங்கம்மா இருக்கு" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு முதல் கேள்வியை மாற்றினேன். சாப்பிட்டீங்களா, யார் சமைச்சது என்று கேட்பேன். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் அழுதுவிட்டுத்தான் போனை வைத்தார்கள். உங்கள் அம்மா அந்த ராத்திரி பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அவர் முழித்திருந்தாரா, தூங்கினாரா, எதையாவது கேட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது. இன்று ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேளுங்கள்.